பழைய நேரம், புது நேரம், ஒரு மணிக்கூட்டுக் கோபுரம்

யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பற்றி யார் பதிவு போட்டாலும் ஒரே கதைதான். 1875இல் இலங்கைக்கு வந்த வேல்ஸ் இளவரசர் அல்பேட் எட்வேட்டின் நினைவாக எழுப்பினார்கள், கொழும்பு நூதனசாலைக்குப் படம் கீறிய ஸ்மிதர்தான் இதற்கும் கீறினார், போரில் சிதைந்தது, 1998இல் இலங்கைக்கு வந்துபோன இளவரசர் சாள்ஸ் மணிக்கூடுகளுக்கு உதவ 2002இல் திருத்தினார்கள், முற்றும். சாள்ஸ் அந்த எட்வேட்டின் கொள்ளுப்பேத்தி மகன் என்பதால் கதை இளவரசரில் தொடங்கி இளவரசரிலேயே முடிந்துவிடுகிறது. எல்லாம் சரி, ஒரு மணிக்கூட்டின் வரலாற்றில் நேரத்தை எங்கே விட்டீர்கள்?

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு நான் கேட்பது விளங்கும். 1996 மே மாதம், வரட்சியால் நீர்மின்சாரம் போதாமல் போனபோது, அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத்தானாம். எங்களிடம் மிச்சம் பிடிக்க மின்சாரமே இல்லை, குப்பி விளக்குத்தான். அப்போது வன்னியை வைத்திருந்த புலிகளின் நிர்வாகம் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஆக, பத்து வருசம் ஒரு சின்னத் தீவில் இரண்டு நேரம். "எட்டு மணிக்கு வாங்கோ" என்றால், "பழைய நேரமோ புது நேரமோ?" என்று கேட்காமல் யாரும் தலையாட்ட மாட்டார்கள்.

போரில் பூட்டியிருந்த கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதி திறந்த பிறகு, 2003இல், பள்ளிக்கூட விடுமுறையில் அப்பாவோடு கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போனேன். புலிகளின் பகுதி முடிந்து அரசாங்கப் பகுதி தொடங்கும் முகமாலையைத் தாண்டியதும் பஸ்ஸில் பலர் கைக்கடிகாரத்தின் திருகை இழுத்து முள்ளை அரை மணித்தியாலம் நகர்த்தினார்கள். அப்பா நகர்த்தவில்லை. "பின்னேரம் திரும்பி வரத்தானே போறம், ஏன் ரெண்டு தரம் முறுக்குவான்?"

கோபுரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். வளைவு வளைவாக எழும்பி, மேலே ஒரு குவிமாடம். கோயில் கோபுரமும் இல்லை, மாதா கோயில் கூம்பும் இல்லை, பள்ளிவாசல் சாயல்தான் கூட. வெள்ளைக்காரன் தன் இளவரசருக்கு ஏன் அந்தச் சாயலில் கட்டினான் என்று அன்று யோசிக்கத் தெரியவில்லை. இந்தியா முழுக்க அவர்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் கலந்து கட்டினார்கள் என்பதைப் பிறகுதான் படித்தேன். அப்பா கோபுரத்தையும் பார்த்தார், கையையும் பார்த்தார். "அவைக்கு ரெண்டரை, எங்களுக்கு ரெண்டு, அப்ப சாப்பிட நேரமிருக்கு" என்றார்.

கட்டடத்தின் வரலாறு என்றால் எனக்கு இதுவும் அதில் சேர்த்திதான். யார் காசு கொடுத்தார், யார் படம் கீறினார் என்பது பாதிக் கதை. கீழே நின்று அதைப் பார்த்தவன் எந்த நேரத்தைக் கூட்டிக் கழித்தான் என்பதை எழுத ஆளில்லை. இப்போது வவுனியாவில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்கிறேன் என்று போனில் சொல்கிறவர்கள்கூட நேரத்தைப் பார்ப்பது அந்தப் போனில்தான். அதனால் அந்தக் கூட்டல் கழித்தலை நினைவில் வைத்திருப்பவர்கள் இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும் என்கிறேன்.

2006 ஏப்ரல் 15இல் அரசாங்கமே அரை மணித்தியாலத்தைப் பின்னுக்குத் தள்ளிப் பழைய நேரத்துக்கு வந்தது. வன்னியில் யாரும் திருகைத் தொடவில்லை. ஓகஸ்ட்டில் முகமாலைப் பாதை பூட்டுப்பட்டது. கோபுரமும் அப்பாவின் மணிக்கூடும் ஒரே நேரம் காட்டிய அந்த நாலு மாதத்தில் நாங்கள் ஒருதரமும் யாழ்ப்பாணம் போகவில்லை.