ஆமைக் கூட்டைத் தோண்டுவதற்கு முன்

தீவுக் கடற்கரைகளில் ஆமைக் கூடு பார்க்க வரும் தன்னார்வலர்களில் பலருக்கு, முட்டையைத் தோண்டி எடுத்து வேறு இடத்தில் புதைத்தால்தான் வேலை செய்த திருப்தி. என் கட்சி நேர் எதிர். ஆமை இட்ட இடத்திலேயே முட்டை இருக்கட்டும். நம் வேலை நடப்பது, பார்ப்பது, எழுதுவது. தோண்டுவது கடைசி வழி, அதுவும் அனுமதி பெற்றவர் கையால் மட்டும்.

விடிந்ததும் இரவு ஓதம் ஏறிய கோட்டை ஒட்டி நடக்க வேண்டும். அப்போது வெளிச்சம் சாய்வாக விழுவதால் தடம் எடுப்பாகத் தெரியும். வெயில் ஏறினால் மணல் காய்ந்து ஓரங்கள் சரிந்துவிடும். பெருந்தலை ஆமையும் பங்குனி ஆமையும் துடுப்புகளை மாறி மாறி ஊன்றுவதால் இடமும் வலமும் முன்பின்னாகப் பதியும். பேராமை முன்துடுப்பு இரண்டையும் ஒன்றாக உந்துவதால் இரண்டு பக்கமும் ஒத்திருக்கும். துடுப்பு மணலைப் பின்னால்தான் தள்ளும். அதை வைத்து ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது என்று பிரிக்கலாம். இரண்டும் குறுக்கிட்டால் மேலே இருப்பது இறங்கிய தடம்.

தடம் இருந்தாலே கூடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ மிரட்டினால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். முட்டையிட்டிருந்தால் முன்துடுப்பால் வீசிய ஈர மணல், ஏறி வந்த தடத்தின் ஒரு பகுதியையே மூடியிருக்கும். உடம்பு அமுங்கிய பள்ளமும் இருக்கும். வெறும் வளைவாக ஏறி இறங்கியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தடமே இல்லாத நாளில் ‘தடம் இல்லை’ என்று எழுதுங்கள். வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் ஆமை வரவில்லையா, ஆள் போகவில்லையா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கம்பியைக் குத்திக் குத்தி முட்டை தேடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு முட்டை உடைந்தால் போதும், அந்த வாடைக்கு எறும்பும் நண்டும் வந்துவிடும். அடையாளக் கம்புகளைக் கூட்டைச் சுற்றி ஒரு மீட்டர் தள்ளி நான்கு மூலையில் ஊன்றுங்கள். புயலில் அவை போய்விடலாம் என்பதால், கரைமேட்டில் உறுதியான இரண்டு குறிகளிலிருந்து நாடாவால் அளந்து எழுதிவையுங்கள். கைபேசி ஜிபிஎஸ் பல மீட்டர் பிசகும். அதை மட்டும் நம்பினால் இரண்டு மாதம் கழித்துக் கரையையே உழ வேண்டியிருக்கும்.

இடம் மாற்றும் விஷயத்துக்கு வருவோம். அலை ஒருமுறை ஏறி வடிந்தால் கூடு செத்துவிடாது. ஓதம் ஏறும்போதெல்லாம் முழுகி, தண்ணீர் தேங்கி, காற்றோட்டம் அடைபடும் கூடுதான் ஆபத்தில் இருக்கிறது. அப்படியே மாற்றினாலும் நேரம் நம் கையில் இல்லை. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டத் தொடங்கிவிடும். இட்டு 12 மணி நேரத்துக்கு மேல் ஆன முட்டையைப் புரட்டினால் கரு அறுபட்டுச் சாகக்கூடும். இரவு பத்துக்கு இட்டிருந்தால் காலை பத்தோடு கெடு முடிந்தது. ஆமை வந்த நேரத்தை நேரில் பார்க்காதவர்கள் காலை ஒன்பதுக்கு மேல் தொடாமலிருப்பதே மேல்.

எடுத்தே ஆக வேண்டுமென்றால் கையில் கொசுத் தைலமோ சன்ஸ்கிரீனோ இருக்கக் கூடாது. கெட்டியான வாளியின் அடியில் அதே கூட்டின் ஈர மணலைப் பரப்பி, முட்டைகளை ஒவ்வொன்றாக, மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி எடுத்து வையுங்கள். நிழலில் வைத்து, குலுக்காமல் தூக்கிச் செல்லுங்கள். புதுக் குழி பழைய குழியின் ஆழத்திலும், அதே குடுவை வடிவத்திலும், கழுத்து குறுகி அடி அகன்று இருக்க வேண்டும். ஆழம் குறைந்தால் சூடு கூடும். சுமார் 29 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகப் போகப் பெண் குஞ்சுகள்தான் பெருகும். இன்னும் ஏறினால் கூடே வெந்துவிடும். பத்துக் கூட்டை ஒரே வேலிக்குள் சேர்த்துவிட்டால் பத்துக்கும் ஒரே சூடு, ஒரே புயல், ஒரே எறும்புப் படை. நாயும் திருடரும் ஒன்றையும் விட்டுவைக்காத கரையில் அதைத் தவிர வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். மற்ற இடங்களில் குஞ்சு நுழையும் அளவு கண்ணுள்ள கம்பி வலையை மேலே விரித்து, ஓரங்களை ஆழப் புதைத்தாலே நாயும் நரியும் தோண்டுவது வெகுவாகக் குறையும்.

ஐம்பது, அறுபது நாளில் இரவு மணல் குளிர்ந்ததும் குஞ்சுகள் கூட்டமாக மேலே வரும். அப்போது டார்ச்சும் வேண்டாம், கைபேசி வெளிச்சமும் வேண்டாம். குஞ்சைத் தூக்கி அலையில் விடவும் வேண்டாம், தானே நடந்து போகட்டும்.

வெளியேறி மூன்று நாள் கழித்துத்தான் கூட்டைத் திறந்து எண்ண வேண்டும். பாதிக்கு மேல் முழுசாக இருக்கும் ஓட்டை மட்டும் ஒரு முட்டையாகக் கணக்கிடுங்கள், துணுக்குகளைச் சேர்க்காதீர்கள். மொத்தம் 110 முட்டையில் 92 வெற்றோடு என்றால் பொரிப்பு 84 சதவீதம். குழிக்குள்ளேயே 4 செத்தும் 3 உயிரோடும் சிக்கியிருந்தால் வெளியேறியவை 85, அதாவது 77 சதவீதம். இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். பொரிக்காத முட்டையை உடைத்து, கரு எந்த நிலையில் நின்றது என்றும் பாருங்கள். இடம் மாற்றிய கூடுகளுக்கும் மாற்றாதவற்றுக்கும் வேறு வேறு பத்தி போடுங்கள். மாற்றிய பத்தியில் மட்டும் சின்னஞ்சிறு கருவாகவே நின்றுபோன முட்டைகள் கூடுதலாக இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வாளி தூக்கிய கையை.