மாட்டுக்கும் மேடு கட்டியதைக் கணக்கில் சேருங்கள்

கிராமப் பேரிடர்த் திட்டங்களுக்குச் செலவு-பலன் விகிதம், அதாவது போடும் பணத்துக்கு எவ்வளவு பலன் திரும்பும் என்ற கணக்கு, பார்த்த பிறகே பணம் தர வேண்டும் என்கிறது ஒரு கட்டுரை. சரி, பார்க்கட்டும். ஆனால் எதையெல்லாம் எண்ணுவார்கள்? இன்றைய வங்கதேசத்தில் 1970 போலா புயலில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2007 சிதர் புயலில் சுமார் 3,400 பேர். சாவு இப்படிக் குறைந்ததில் பெரும்பங்கு புயல் காப்பகங்களுக்கும், மெகாபோனும் கொடியுமாக ஊரை எழுப்பும் தன்னார்வலர்களுக்கும் உண்டு. காப்பகத்தின் சிமென்ட் செலவு கணக்கில் ஏறிவிடும், அந்தத் தன்னார்வலர் இழந்த கூலி ஏறாது. அப்புறம், கறவை மாட்டை விட்டுவர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கியவர்கள் அங்கே எத்தனையோ பேர். அதனால்தான் கால்நடைகளுக்கென்றே ‘கில்லா’ என்ற உயரமான மண்மேடுகளை எழுப்பினார்கள். தனிக் கழிப்பறை இல்லாத காப்பகத்துக்குப் பெண்கள் வரவே தயங்குவார்கள். விகிதம் குறைகிறது என்று இவற்றில் கை வைத்துவிடாதீர்கள். புயல் இல்லாத நாட்களில் பல காப்பகங்கள் பள்ளிக்கூடமாக நடக்கின்றன, அந்தப் பலனையும் சேர்த்தே போடுங்கள்.