கண்ணகி சமைத்த சோற்றை ஏன் எடுத்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை கோயில் தமிழ் வகுப்பில் நடந்தது உங்களில் பலருக்கும் தெரியும். பிள்ளைகளுக்குக் கொடுத்த சுருக்கச் சிலப்பதிகாரத்தைப் பற்றி நான் கேட்டதற்கு, என்னைப் பழைய காலத்து ஆள் என்று ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

அந்த 24 பக்கப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துவந்து மூன்று தடவை படித்தேன். 11-ஆம் பக்கத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வருகிறார்கள். 12-ஆம் பக்கத்தில் கோவலன் வெட்டுப்பட்டுச் சாகிறான். நடுவில் அவர்களுக்கு அடைக்கலம் தந்த இடைச்சி மாதரியின் வீடு இல்லை, அவள் மகள் ஐயை இல்லை. கண்ணகி சமைக்கவே இல்லை.

மூலத்தில் இந்த இடத்தைச் சொல்லும் கொலைக்களக் காதையைப் படித்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். மாதரி பலாக்காயும் வெள்ளரியும் மாதுளங்காயும் சாலி அரிசியும் கொடுக்கிறாள். செல்வத்தில் வளர்ந்த பெண் அரிவாள்மணையில் காய் நறுக்கி விரல் சிவந்துபோகிறாள். ஐயை வைக்கோலில் அடுப்பு மூட்டித் தருகிறாள். வாழைக்குருத்தில் அவன் சாப்பிடுகிறான், அவள் வெற்றிலை மடித்துக் கொடுக்கிறாள். உன்னை இப்படி அலையவைத்தேனே என்று வருந்திவிட்டு, ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். எதிரே காளை பாய்ந்து வருகிறது. அது கெட்ட சகுனம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. இதையெல்லாம் எடுத்துவிட்டால் அடுத்த பக்கத்தில் சாகிறவன் பிள்ளைக்கு யார்? வெறும் பெயர்.

இங்கே பர்மாவில், மோல்மீன் ஊரில் எங்கள் தாத்தா மண்ணெண்ணெய் விளக்கடியில், அட்டை போன உரைப் புத்தகத்தை வாசிப்பார். எனக்கு ஒன்பது வயது, பாதி புரியாது. அப்பத்தாவுக்கு எழுத்தே தெரியாது. அந்த இடம் வந்ததும் "தின்னுட்டுப் போறானே, திரும்பி வரமாட்டானே" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பாண்டியன் அவையில் சிலம்பு உடைந்ததெல்லாம் பிறகுதான். கண்ணகி என்றால் இன்றைக்கும் எனக்கு அந்தச் சிவந்த விரல்.

"உங்கள் தாத்தாவும் சுருக்கித்தானே வாசித்திருப்பார்?" என்று ஒரு தம்பி கேட்டார். ஆமாம், இந்திர விழாவில் பாதியைத் தாண்டிவிடுவார். சோற்றைத் தாண்டமாட்டார். ராஜாஜி ராமாயணத்தைச் சுருக்கித்தான் எழுதினார். அந்தச் சக்கரவர்த்தித் திருமகனுக்கு 1958-இல் சாகித்திய அகாதெமி விருதே கிடைத்தது. நான் சுருக்குவதற்கு எதிரி இல்லை. ராஜாஜி நம்மைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கதை சொன்னார். இந்தப் புத்தகம் யார் வந்தார், யார் செத்தார் என்று கணக்கு எழுதியிருக்கிறது.

பிள்ளைகள் பர்மியப் பள்ளியில் படிக்கிறார்கள், தமிழ் எழுத்துக் கூட்டவே திணறுகிறார்கள் என்கிறீர்கள். உண்மை. என் பேத்தியும் அப்படித்தான். படிக்க முடியாத பிள்ளைக்கு நாம் படித்துக் காட்டலாமே! நேரமில்லை என்றார்கள். ஆண்டுவிழா நடனத்துக்கு மூன்று மாதம் ஒத்திகை நடந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"பழைய காலத்து ஆள், விடுங்கள்" என்று பிள்ளைகள் முன்னால் சொன்னது வலித்தது. அறுபதுகளில் பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, இந்த நாட்டில் நம் தமிழ் கோயில் மண்டபத்திலும் வீட்டுத் திண்ணையிலும் இந்தப் பழைய ஆட்களிடம்தான் பிழைத்துக் கிடந்தது. உ.வே.சா. ஏடு ஏடாகத் தேடி ஒப்புநோக்கி 1892-இல் அச்சேற்றிய காப்பியம் இது. நம் பிள்ளைகளுக்கு அதில் ஒருவேளைச் சோறுகூடக் கிடையாதா?

வருகிற ஞாயிறு வகுப்பு முடிந்ததும் மண்டபத்து மேற்குத் தூணருகே உட்கார்ந்திருப்பேன். கொலைக்களக் காதை மட்டும், அரைமணி நேரம். அர்த்தத்தைப் பர்மியத்தில் கேட்டாலும் சொல்வேன். விருப்பமுள்ளவர்கள் பிள்ளைகளை அனுப்புங்கள்.