உயரத்தை மட்டும் கேட்டு சைக்கிள் விற்காதீர்கள்

"ஆறடிக்கு மேலன்னா எக்ஸ்எல்தான் சார், யோசிக்காம எடுத்துக்குங்க." நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லானுக்கான பைக் வாங்கப் போகிற உயரமான ஆள் எவரும் முதலில் கேட்பது இதைத்தான், பல கடைகளில் கடைசியாகக் கேட்பதும் இதைத்தான். லட்சக்கணக்கில் விலை சொல்கிற பொருளை யோசிக்காமல் எடு என்று எப்படி வாய் வருகிறது? உயரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு சட்டை தைத்துத் தரும் தையல்காரரிடம் யாராவது துணி கொடுப்போமா?

நான் 6 அடி 3 அங்குலம். என்னோடு ஈசிஆரில் ஓட்டும் நண்பரும் அதே உயரம். ஆனால் இன்சீம், அதாவது கவட்டிலிருந்து தரை வரை, எனக்கு 94 செ.மீ., அவருக்கு 88. எனக்கு நீளமெல்லாம் காலில், அவருக்கு முதுகில். என் காலுக்குத் தகுந்தபடி சீட்டை ஏற்றினால் முன்னால் ஏரோபார், அதாவது குனிந்து கையை நீட்டிப் பிடிக்கும் கம்பி, பள்ளத்தில் கிடக்கும், அதனால் எனக்கு முன்பக்கம் உயரமாகவும் எட்டும் தூரம் குறைவாகவும் வேண்டும். அவருக்கு நேர்மாறு, முன்பக்கம் தாழ்வாக இருக்கலாம், நீளம்தான் வேண்டும். எங்கள் இருவருக்கும் இந்தக் கடைகள் காட்டுவது அதே எக்ஸ்எல்!

இத்தனைக்கும் இதை அளக்க வழி இல்லாமல் இல்லை. பெடல் சுழலும் அச்சின் நடுவிலிருந்து ஹேண்டில் செருகும் முன்குழாயான ஹெட் டியூபின் உச்சி வரை செங்குத்தாக எவ்வளவு என்பது ஸ்டாக், கிடைமட்டமாக எவ்வளவு என்பது ரீச். இந்த அளவு முறையைப் பரப்பிய டான் எம்ப்ஃபீல்டு வேறு யாரும் இல்லை, 1989-இல் குவின்டானா ரூ சூப்பர்ஃபார்ம் என்ற பைக்கை ட்ரையத்லானுக்கென்றே கொண்டுவந்தவர். அதாவது இந்த விளையாட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த அளவு இது. அதைக் கேட்டால் கடையில் நம்மை ஏதோ வம்புக்கு வந்தவனைப் போலப் பார்க்கிறார்கள்.

அப்புறம் இந்த 56, 58 சமாச்சாரம். மேல்குழாய் கிடையாக இருந்த பழைய ஸ்டீல் சைக்கிள்களில் அது சீட்டைத் தாங்கும் குழாயான சீட் டியூபின் நீளம், செ.மீ. கணக்கில். இன்றைய கார்பன் ஃபிரேமில் 58 என்று ஒட்டியிருந்தால் டேப்பை வைத்துத் தேடினாலும் அந்த 58 எங்கேயும் அகப்படாமல் போகலாம். செர்வேலோ எண்ணில் போடுகிறது, ட்ரெக்கும் கேன்யனும் எழுத்தில் போடுகின்றன, ஒருவருடைய எல் இன்னொருவருடைய எல்லோடு ஒத்துப்போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ட்ரையத்லான் பைக்கில் ஃபிரேமின் ஸ்டாக் தெரிந்தால்கூடப் போதாது, ஏனென்றால் நாம் ஹேண்டிலைப் பிடித்து ஓட்டுவதில்லை, முழங்கையை ஏரோபாரில் இருக்கும் பேடில், அதாவது திண்டில், வைத்துப் படுத்து ஓட்டுகிறோம். அந்த பேட் குறைந்தது எவ்வளவு உயரத்தில், அதிகபட்சம் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு முன்னால் நிற்கும் என்பதுதான் என் கழுத்துக்கும் இடுப்புக்கும் தேவையான கணக்கு. கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 ட்ரையத்லான் போட்டியில் 90 கி.மீ. அந்த நிலையில் கிடக்க வேண்டும், இறங்கியதும் 21.1 கி.மீ. ஓட வேண்டும். பேட் 3 செ.மீ. தப்பினால் கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தே பாதி உயிர் போய்விடும். கடையில் கேட்டால் பதில்: "அதெல்லாம் ஃபிட் பண்றப்போ பாத்துக்கலாம் சார்."

என்னத்தைப் பார்ப்பது? காசு கொடுத்து ஃபிரேமை வாங்கிய பிறகு ஃபிட் செய்பவர் நீளத்தைக் கூட்டவா முடியும்? முதலில் ஃபிட், பிறகு பைக், அதுதான் முறை. அளவை மாற்றிக்கொள்ளக்கூடிய ஃபிட் பைக்கில் உட்காரவைத்து, பேட் எங்கே, சீட் எங்கே என்று எழுதிக் கொடுத்து, அதற்குப் பொருந்துகிற ஃபிரேமைத் தேட வேண்டும்.

அதைவிட எரிச்சல், "எக்ஸ்எல் இப்போ கடைல இல்லை, 56-ல ஸ்பேசர் போட்டு ஏத்திடலாம்" என்பது. ஸ்பேசர் என்றால் ஹேண்டிலுக்கு அடியில் அடுக்கும் வளையம். ஹெட் டியூப் 72 டிகிரி சாய்ந்திருந்தால் அதன் வழியே 30 மி.மீ. ஸ்பேசர் ஏற்றும்போது ஹேண்டில் சுமார் 9 மி.மீ. பின்னுக்கு வரும். எனக்காவது சமாளிக்கலாம், என் நண்பருக்கு முழங்கால் முழங்கையை இடிக்கும். ஹெட் டியூபுக்குள் போகும் தண்டான கார்பன் ஸ்டீயரரில் ஸ்பேசர் எவ்வளவு அடுக்கலாம் என்று தயாரிப்பாளர்களே வரம்பு வைத்திருக்கிறார்கள். சீட் போஸ்டிலும் இதற்கு மேல் இழுக்காதே என்று கோடு போட்டிருக்கும், என் சீட் உயரத்துக்கு அந்தக் கோடு வெளியே வந்துவிடும். இது கார்பன் உடைகிற விஷயம், விளையாட்டில்லை.

பெடலைத் தாங்கும் கையான கிராங்கும் அப்படித்தான். உயரமானவன் என்றால் 175 மி.மீ. என்று பெரிய ஃபிரேமோடு கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். குனிந்து படுத்திருக்கும்போது நீளமான கிராங்க் தொடையை வயிற்றுக்குள் தள்ளும், அதனால்தான் 165 வரை இறங்கி வருகிறார்கள் பலர். மாற்றித் தரச் சொன்னால் தனிக் காசு.

சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ கூட 2023-இல், தனித்தனியாக நேரத்தோடு போட்டியிடும் டைம் ட்ரையலின் விதியைத் திருத்தி, 180 செ.மீ.க்குக் கீழே, 180 முதல் 190 வரை, அதற்கு மேல் என்று பிரித்து, பெடல் அச்சிலிருந்து ஏரோபாரை முன்னால் நீட்டிக்கொள்ள 80, 83, 85 செ.மீ. என அனுமதித்தது. அங்கேயும் உயரம் ஒன்றுதான் கணக்கு, கால் நீளமா முதுகு நீளமா என்று ஒரு வார்த்தை இல்லை. சரி, அதாவது நெட்டையாக ஒருவன் இருக்கிறான் என்று ஒத்துக்கொண்டார்களே! இங்கே "இந்த ஹைட்டுக்கு இந்த கேம் செட் ஆகாது சார்" என்கிறார்கள். ஜெர்மனியின் ட்ரையத்லான் வீரர் யான் ஃப்ரோடெனோ 194 செ.மீ. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம், ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில் 2015, 2016, 2019 என மூன்று முறை சாம்பியன். பிரச்சினை உயரத்தில் இல்லை, மீடியம் சைஸை மட்டும் வாங்கி அடுக்கிவிட்டு அதில் ஏற்றி உட்காரவைத்து "இதவிட கொஞ்சம் பெருசா இருக்கும், நினைச்சுக்குங்க" என்கிற விற்பனையில் இருக்கிறது. எக்ஸ்எல் வேண்டுமென்றால் முழுப் பணம் முன்கூட்டியே, திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

நான் கேட்பது நான்கே எண்கள். பேடின் குறைந்த உயரம், அதிக உயரம், குறைந்த ரீச், அதிக ரீச். எந்தக் கடை அதை எனக்கு எழுத்தில் அனுப்புகிறதோ, என் அளவுக்குப் பொருந்தினால் அன்றைக்கே அங்கே அட்வான்ஸ் போடுகிறேன்.