கனவில் கத்த முடியாமல் போவது சாவுக்கு அறிகுறியா?

"கனவில் கத்த முயன்றும் குரல் வரவில்லையா? வீட்டில் விரைவில் ஒரு சாவு விழும். அந்த நேரத்தில் தட்டி எழுப்பினால் இதயம் நின்றுவிடும்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. இரண்டுமே தவறு.

கனவுகள் பெரும்பாலும், மூடிய இமைகளுக்குள் கண்கள் வேகமாக அசையும் 'ரெம்' எனும் உறக்க நிலையில்தான் வருகின்றன. அப்போது மூளைத்தண்டு கை, கால், கழுத்துத் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து பாய்ந்துவிடாமல் இருப்பது இதனால்தான். கண் தசைகளும் உதரவிதானமும் மட்டும் வேலை செய்யும். உதரவிதானம் தன் சீரில் மூச்சை இழுத்துக்கொண்டே இருக்கும், ஆனால் கத்துவதற்கு வேண்டிய ஆழ்ந்த மூச்சை நம் விருப்பப்படி இழுக்க முடியாது. நெஞ்சில் யாரோ உட்கார்ந்து அமுக்குவதுபோல் தோன்றுவதும் இதனால்தான். தசைகள் விடுபடுவதற்குள் விழிப்பு வந்துவிட்டால் அதற்குப் பெயர் உறக்க முடக்கம். சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் தானே விலகிவிடும். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை இணையதளத்தில் இதைச் சரிபார்க்கலாம்.

பக்கத்தில் இருப்பவர் தாராளமாகத் தொட்டு, பெயர் சொல்லி எழுப்பலாம். பல நேரம் அதிலேயே முடக்கம் கலைந்துவிடும். தூக்கக் குறைவு, நேரம் தவறிய தூக்கம், மன அழுத்தம், மல்லாந்து படுப்பது ஆகியவை இதைத் தூண்டும். பக்கவாட்டில் படுத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே பயந்திருப்பவரை இந்தச் செய்தி தூங்கவிடாமல் செய்யும். தூக்கம் கெட்டால் முடக்கம் இன்னும் அடிக்கடி வரும். தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். பகலில் அடக்க முடியாத தூக்கமோ, சிரிக்கும்போது திடீரென முழங்கால் துவள்வதோ சேர்ந்திருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.