டிகிரிக்குச் சண்டை, ஈமுவுக்கு மௌனம்

கொங்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் காலையில் பால் சொசைட்டி வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற லாக்டோமீட்டரில் ஒரு டிகிரி குறைந்தால் போதும். "நேத்தும் இதே மாடுதானுங்க, இதே தீவனந்தானுங்க, இன்னைக்கு மட்டும் எப்படிக் குறையும்?" என்று பிடித்துக்கொள்வார்கள். சல்லிக்காசு விடமாட்டார்கள்.

அதே ஊர்களில்தான் ஈமுக் கோழிக்கு லட்சக்கணக்கில் கட்டினார்கள். பெருந்துறை சுசி ஈமு கம்பெனி ஞாபகம் இருக்கும். ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, கொட்டகை, தீவனம், அதுபோக மாதம் 6,000 ரூபாய். சரி, இந்தக் கறியை யார் தின்கிறார்கள், எந்தக் கடையில் கிலோ என்ன விலை என்று எத்தனை பேர் கேட்டார்கள்? டிவியில் சினிமா நடிகர்களே வந்து சொன்னார்களே! 2012 ஆகஸ்டில் எல்லாம் கவிழ்ந்தது. பட்டினி கிடந்த பறவைகளுக்குக் கடைசியில் அரசாங்கம் தீனி போட்டது.

'பேராசை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். எனக்கு ஒப்பவில்லை. காசு மேல் ஆசை சொசைட்டி வாசலிலும்தான் இருக்கிறது. ஆனால் அங்கே சண்டை போட ஒரு கருவி இருக்கிறது. ஈமுவில் இருந்ததெல்லாம் முகங்கள். டிவியில் நடிகர், வீட்டு வாசலில் ஏஜெண்டாக மச்சானோ பங்காளியோ. அவரிடம் கணக்குக் கேட்டால் உறவு கசந்துபோகும். வசீகரம் செய்கிற பெரிய வேலை இதுதான் என்பேன்: கேள்வி கேட்பதையே மரியாதைக் குறைவாக்கிவிடும்.

அதற்காக வசீகரமே வேண்டாம் என்றால் அமுல் பிறந்த குஜராத்தின் ஆனந்தில் ஒரு பால் சங்கமும் முளைத்திருக்காது. 1946இல் திரிபுவன்தாஸ் படேல் என்ற மனிதரை நம்பித்தான் கேடா மாவட்ட விவசாயிகள் ஒன்று சேர்ந்தார்கள். 1949இல் வந்து அமுலை வளர்த்த குரியன், பால் பிடிக்காத மனுஷன், வாயாலேயே மந்திரிகளை மடக்கியவர். 1964இல் பிரதமர் சாஸ்திரி அங்கே ஒரு கிராமத்தில் ராத்தங்கிப் பார்த்துவிட்டு, நாடு முழுக்க இப்படி வேண்டும் என்றார். மறுவருடம் தேசிய பால்வள வாரியம் வந்தது. இவ்வளவுக்கும் ஆள் வசீகரம் வேண்டியிருந்தது. ஆனால் பால் ஊற்றுகிறவருக்குக் காசு கொடுத்தது ஃபேட், அதாவது பாலில் உள்ள கொழுப்பின் அளவு. தலைவருக்கு வேண்டியவர் ஊற்றினாலும் ஃபேட் கம்மி என்றால் காசு கம்மி. குரியனும் லேசில் நாற்காலியை விட்டவர் இல்லை. 2006இல் மனக்கசப்போடுதான் வெளியே வந்தார். அமுல் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நம் ஊர்ச் சங்கங்களில் ஆளைப் பார்க்காமல் அளந்து பார்க்கிற இந்த இரண்டாவது பாதிதான் காணோம். எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் அருமையாகப் பேசுவார், எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாக நிற்பார். போன கூட்டத்தில் ஒருவர் தண்ணீர் லாரிக் கணக்கைக் கேட்டார். "என் மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்று செயலாளர் சிரித்தார். மொத்தக் கூட்டமும் கேட்டவரைத்தான் முறைத்தது. அடுத்த கூட்டத்தில் நானும் கணக்குக் கேட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப் போகிறேன்.