நேரத்தைக் கொடுங்கள், காசை நான் பார்த்துக்கொள்கிறேன்

ஆமாம், வீட்டிலிருக்கும் அம்மாக்களுக்குச் சேமிப்பும் சம்பாத்தியமும் சொல்லித்தர ஒரு ஆலோசகர் மண்டபத்தில் நடத்திய கூட்டத்தின் வீடியோவில், இடுப்பில் குழந்தையோடு எழுந்து நின்று கேள்வி கேட்பது நான்தான். குன்னூரில் ஒரு வாட்ஸ்அப் குழு பாக்கியில்லை. அரவங்காட்டில் இருக்கும் என் சித்தி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சிரிக்கிற எமோஜி போட்டவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். சந்தோஷம்.

வீடியோவில் வெட்டப்பட்டதை மட்டும் சொல்லிவிடுகிறேன். "குழந்தை தூங்குகிற நேரத்தில் வேலை செய்தாலே மாதம் முப்பதாயிரம் சம்பாதிக்கலாம்" என்று அந்த ஆலோசகர் சொன்னார். "அந்த நேரத்தில் சமையலை யார் செய்வது?" என்று கேட்டேன். அவ்வளவுதான். அதற்குத்தான் அந்தப் பிரபலமான பதில்: "காரணம் சொல்றவங்க காசு சேர்க்க மாட்டாங்க மேடம்." மண்டபம் சிரித்தது. முன்வரிசை ஆண்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். அவர்கள் வீட்டிலும் அந்த நேரத்தில் யாரோ சமைத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

நான் கேட்டது சாதாரணக் கணக்கு. பத்து மாதக் குழந்தை பகலில் இரண்டு தடவை தூங்கும், தூங்கினால். ஒரு தூக்கம் முக்கால் மணி நேரம். அதற்குள் குளிக்க வேண்டும், துணி அலச வேண்டும், குக்கர் வைக்க வேண்டும். குக்கரை எப்போது வைப்பது என்பதே பெரிய பிரச்சினை, இரண்டாவது விசிலில் எழுந்துவிடுவாள். மிச்சம் இருக்கும் நேரத்தில் நான் டிஜிட்டல் மார்க்கெட்டிங் படித்து முப்பதாயிரம் ஈட்ட வேண்டும். எனக்கு யோசனைக்குப் பஞ்சமில்லை ஐயா, நேரத்துக்குத்தான் பஞ்சம். யோசனை ரேஷன் கார்டு இல்லாதவர்களுக்குக்கூட இலவசமாகக் கிடைக்கிறது.

இன்னொரு விஷயம், இதைச் சொன்னால் தலைக்கனம் என்பீர்கள், பரவாயில்லை. குழந்தை பிறக்கும்வரை நான் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தவள். என்னைப் பார்த்து, "ஒரு நோட்டு வாங்குங்க, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு" என்று அவர் போர்டில் கோடு போட்டுக் காட்டினார். தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொறுமைக்கு ஏதாவது வட்டி உண்டா என்று அவரிடம் கேட்டிருக்கலாம்.

சேமிப்புக்கு அவர் தந்த யோசனைகளைப் பார்ப்போம். துணி நாப்கின் கட்டுங்கள், டயப்பர் காசு மிச்சம் என்றார். மொட்டைமாடியில் போட்டு அரை மணி நேரத்தில் மொறுமொறுவென்று எடுக்கிற ஊர்க்காரர் சொல்லலாம். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி போட்டுப் பாருங்கள். மூன்றாம் நாளும் ஈரம் போகாது, வாடைதான் ஏறும். என் அத்தை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைப்பார், பிள்ளை மேலெல்லாம் தாளிப்பு வாசனை. நான் ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டுக் காயவைக்கிறேன். கரண்ட் பில்லில் முதல் 100 யூனிட் இலவசம், சரி. இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டினால் கட்டண ஸ்லாபே மாறிவிடும். கைக்குழந்தை இருக்கிற மலை வீட்டில் கீசர், ரூம் ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி மூன்றையும் ஓட்டிக்கொண்டு 500-க்குள் நிற்பது எப்படி என்று அவர் ஒரு வகுப்பு எடுத்தால் காசு கட்டியே வருகிறேன்.

இந்த ஆலோசனைகள் எல்லாமே மேட்டுப்பாளையத்துக்குக் கீழே எழுதப்பட்டவை. சமவெளியில் 2021-லேயே ஓட ஆரம்பித்த மகளிர் இலவசப் பேருந்து, எங்கள் மலைக்கு ஏறி வர 2024 ஆனது. ஆலோசகர்கள் மட்டும் காலையிலேயே கார் வைத்து ஏறி வந்துவிடுகிறார்கள்.

சம்பாதிக்க என்ன வழி சொன்னார்? "உங்க ஊர்ல ஹோம்மேட் சாக்லேட் ஃபேமஸ் ஆச்சே, வீட்லயே செய்யலாமே!" கொல்லன் தெருவில் ஊசி விற்கச் சொல்கிறார். ஊட்டியிலும் குன்னூரிலும் எந்தத் தெருவில் சாக்லேட் கடை இல்லை? உணவுப் பொருள் விற்கப் பதிவு எடுப்பது ஒன்றும் பெரிய செலவில்லை, சின்ன வியாபாரத்துக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான். ஆனால் உருகிய சாக்லேட் சட்டிக்குப் பக்கத்தில் தவழ்கிற பிள்ளையை யார் பிடித்துக்கொள்வது? மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் நான் காரணம் சொல்கிறவள்.

"போன் போதும், வீட்டிலிருந்தே வருமானம்" என்றதும் எனக்குப் பயமாகவே இருந்தது. எங்கள் லைன் வீடுகளில் ஒரு பெண், அவளுக்கும் கைக்குழந்தைதான், டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று யாரோ சொன்னதை நம்பினாள். முதலில் நூறு இருநூறு வந்தது. அப்புறம் "பணம் கட்டினால் பெரிய டாஸ்க்" என்றார்கள். நகைச்சீட்டுக்கு வைத்திருந்தது போய்விட்டது. வீட்டில் சொல்லப் பயந்து நாள் கடத்தினாள். இணைய மோசடிப் புகார் எண் 1930-க்கு உடனே அடிக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டிலிருக்கும் அம்மாக்களைக் கூட்டிவைத்து முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று ஆசை காட்டுகிறவர்கள் இதையும் ஒரு வரி சொல்லலாம். அவர் சொல்லவில்லை.

நான் சம்பாதிக்கவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கம் சில கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து தருகிறேன். 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 20-ஆம் தேதிக்குள் 3பி என்கிற மாத வரிக் கணக்கு. தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். போன கார்த்திகையில் சரியாக 20-ஆம் தேதி மரம் விழுந்து கரண்ட் இல்லை, நெட்வொர்க் இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு புள்ளி சிக்னல் வரும் ஜன்னல் ஓரத்தில், தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு தாக்கல் செய்தேன். இரவு பதினொன்றரைக்கு முடிந்தது. மறுநாள் கடைக்காரர் கேட்டது: "வீட்ல இருந்துதானே செய்றீங்க, கொஞ்சம் குறைச்சுக்கலாமே?" கடைக்கு மாதம் எழுநூறு ரூபாய். அதிலும் குறைக்க வேண்டுமாம்.

இனி எனக்கு என்னென்ன கமெண்ட் வரும் என்று தெரியும். நானே எழுதிவிடுகிறேன், உங்களுக்கும் நேரம் மிச்சம்.

"அவர் நல்ல எண்ணத்தில்தானே சொன்னார்?" இருக்கட்டும்.

"வேலையை விட்டது உன் முடிவுதானே?" என் முடிவா? 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்ததும் கம்பெனி வரச் சொன்னது. என் வீட்டுக்காரருக்கு வேலை குன்னூரில், தேயிலை ஃபாக்டரியில். என் வேலை கோயம்புத்தூரில். 2017-இல் மகப்பேறுச் சட்டத்தைத் திருத்தியபோது, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஒரு பிரிவு வைத்தார்கள். ஒரு தரப்பு ஒத்துக்கொண்டது. அதே திருத்தத்தில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் இருந்தது. எங்கள் ஆபீசில் நாற்பத்துச் சொச்சம் பேர். அங்கே தனியாக ஒரு வீடு பிடித்து, பிள்ளையைத் தனியார் காப்பகத்தில் விட்டால் சம்பளத்தில் மிஞ்சுவது பஸ் காசு. இதில் முடிவெடுக்க எனக்கு என்ன இருந்தது? அவர் ஏன் வேலையை விடவில்லை என்று இதுவரை ஒருவர், ஒரே ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. அவரையும் கேட்டதில்லை.

"அந்தக் காலத்தில் எங்க அம்மா பத்துப் பெத்து, காட்டு வேலைக்கும் போனாங்க." இதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்லப் போகிறேன், ஏனென்றால் என் அம்மாவும் அப்படிப் போனவர்தான்.

நாங்கள் கொளப்பள்ளிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் தாத்தா பாட்டி. அம்மா கொழுந்து பறித்தார். காலையில் மலைக்குப் போகும்போது என்னைப் பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், விட்டுவிட்டுப் போவார். பெரிய வசதி ஒன்றும் கிடையாது. சிமெண்டுத் தரை, வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள், மதியம் ஒரு டம்ளர் பால், ஒரு ஆயா. அந்த ஆயாவின் வெற்றிலை வாசனை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பத்து மணி வாக்கில் அம்மா கூடையோடு இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி மலை ஏறுவார். அதற்கு மேஸ்திரி ஒன்றும் சொல்ல முடியாது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே சொல்லிவிட்டது: 50 பெண் தொழிலாளர்கள் இருந்தால் தோட்டத்தில் பிள்ளைகளுக்கு இடம் இருக்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவுக்கு வேலை நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆயா இருந்தார். பி.காம். படித்த எனக்கு இல்லை. அம்மா சம்பாதித்தார், சீட்டுப் போட்டார், என் காலேஜ் ஃபீஸ் கட்டினார். உழைப்பாளிதான், யார் இல்லை என்றது? ஆனால் அவர் கையில் கூடை இருந்த நேரத்தில் என்னை வேறொரு கை தூக்கி வைத்திருந்தது. அதை விட்டுவிட்டு "அந்தக் காலத்துப் பெண்கள் தைரியசாலிகள்" என்று வீடியோவுக்குக் கீழே எழுதாதீர்கள். அந்தக் காலத்துப் பெண்கள் உங்கள் ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனார்கள், எங்கள் தோட்டத்தில் ஆயாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொழுந்து பறித்தவர் யாரும் இல்லை.

"உன் மாமியார் இருக்கிறாரே?" இருக்கிறார். அவருக்கு முட்டி வலி, மாடிப்படி ஏற முடியாது, தவழ்கிற பிள்ளைக்குப் பின்னால் ஓட முடியாது. அவரால் முடிந்ததைச் செய்கிறார். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி அவர்தான், மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் அவர் கணக்குக்குத்தான் வருகிறது. அதில் மாத்திரை போக மிஞ்சுவதைப் பேத்தியின் செல்வமகள் கணக்கில் போடச் சொல்லி என்னிடம் நீட்டுவார். வருஷத்துக்கு 250 போட்டால் போதும் என்று சொன்னாலும் கேட்க மாட்டார். 8.2 சதவீத வட்டி என்றால் அவருக்கு என்ன தெரியும், "பிள்ளை பேர்ல இருக்கட்டும்" என்பார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரையும்விட என் மாமியாருக்குத்தான் சேமிப்பு பற்றி நிஜமாக ஏதோ தெரியும் என்று நினைக்கிறேன்.

கடைசி கமெண்ட்: "உன் வீட்டுக்காரர் நல்லாத்தானே பார்த்துக்கிறார்?" பார்த்துக்கொள்கிறார். குறை சொல்லவில்லை. கேட்டால் கொடுப்பார். ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. "எதுக்கு?" என்று மட்டும் கேட்பார். சாதாரணமாகத்தான் கேட்கிறார், மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு இல்லை. ஆனால் ஒன்றாம் தேதி சம்பள மெசேஜ் வந்து பழகிய எனக்கு, உள்ளாடை வாங்க இருநூறு ரூபாய்க்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்போது தொண்டையில் ஏதோ அடைக்கிறது. இதை எந்தப் பொருளாதார வகுப்பில் சொல்லித் தருவார்கள்?

2024-இல் எடுத்த அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவன் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது, அதனால் அந்தச் சொத்தில் மனைவிக்கும் சம பங்கு என்று சொன்னது. செய்தியை என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். படித்துவிட்டு, "சரி, இப்ப என்னங்கற?" என்றார். மாதம் ஒரு தொகையை நான் கேட்காமலே என் கணக்கில் போடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். இப்போது போடுகிறார். எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். எதற்குச் செலவு செய்கிறேன் என்று அவருக்கும் சொல்வதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். குன்னூர் பெட்ஃபோர்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஒரு அக்கா வேண்டும். மூன்று மணி நேரம் கிடைத்தால் இன்னும் நான்கு கடைக்கு ஜிஎஸ்டி எடுக்க முடியும். எங்கள் லைனில் இன்னும் இரண்டு அம்மாக்கள் இருக்கிறார்கள், மூன்று பிள்ளைகளையும் சேர்த்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது, செலவைப் பங்கிட்டுக்கொள்வோம். தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் எழுதுங்கள். சம்பளம் நேரில் பேசிக்கொள்ளலாம். "வீட்ல இருந்துதானே பார்த்துக்கிறீங்க" என்று குறைக்கச் சொல்ல மாட்டேன்.